கிராஃபிக்ஸ் கார்டு: தலைமுறைக்குத் தலைமுறை உண்மையில் மாறியது எது?

“புதுத் தலைமுறை கார்டு வரும்போதெல்லாம் இரண்டு மடங்கு வேகம் என்கிறார்கள். வேகம் கூடியதைத் தவிர, ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் நடுவே அப்படி என்னதான் மாறுகிறது?” என்பது கேள்வி.

மாறுவது வேலைப் பங்கீடு. எந்த வேலை கணினியின் மையச் செயலியான சி.பி.யு.வுடையது, எது கார்டுடையது என்பது ஒரு எல்லைக்கோடு. கார்டுக்குள்ளேயே எது சிப்பில் சுற்றாகப் பதிக்கப்பட்டது, எது நிரல் எழுதி மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது இன்னொரு கோடு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டு கோடுகளும் முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. 1968-லேயே மையர், சதர்லேண்ட் என்ற இருவர் காட்சிச் செயலிகள் பற்றிய ஆய்வுக் கட்டுரையில் இதற்கு ‘மறுபிறவிச் சக்கரம்’ என்று பெயர் வைத்தார்கள். படம் வரைவதற்கென்று ஒரு சிறு துணைச் சுற்றைச் சேர்ப்போம். அதற்கு ஒவ்வொரு திறனாகக் கூட்டுவோம். கடைசியில் அதுவே முழுக் கணினியாகிவிடும். அப்புறம் அதற்கு ஒரு துணைச் சுற்று தேவைப்படும். வீட்டு மேசைக்குப் பி.சி. வராத காலத்தில் எழுதிய அந்தக் கவனிப்பை வைத்துக்கொண்டு இன்றைய கார்டுகளைப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது.

1981-இல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்த கார்டுகள் எந்தக் கணக்கும் போடவில்லை. நினைவகத்தில் இருப்பதைப் படித்துத் திரைக்கு அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. எம்.டி.ஏ. கார்டில் எழுத்து மட்டும்தான்: வரிக்கு 80 எழுத்து, 25 வரி, ஆக 2000 எழுத்து. எழுத்துக்கு ஒரு பைட், அதன் அடிக்கோடு, ஒளிர்வு போன்ற தன்மைக்கு ஒரு பைட் என்றால் 4000 பைட். கார்டில் இருந்த நினைவகம் 4 கே.பி. சி.ஜி.ஏ. கார்டில் 320×200 புள்ளிகளுக்கு நான்கே நிறங்கள். ஏன் நான்கு? 64,000 புள்ளிகள், புள்ளிக்கு 2 பிட் என்றால் 16,000 பைட் வரும். கார்டில் இருந்தது 16 கே.பி. நினைவகம் எவ்வளவோ அவ்வளவுதான் படம். 1984-இல் வந்த இ.ஜி.ஏ.விலும் 1987-இல் வந்த வி.ஜி.ஏ.விலும் அடிப்படை இதேதான். வி.ஜி.ஏ. 256 கே.பி. நினைவகத்தோடு வந்ததால் 640×480-இல் 16 நிறமும், 320×200-இல் 256 நிறமும் கிடைத்தன. கோடு போடுவதானாலும் கட்டம் நிரப்புவதானாலும் ஒவ்வொரு புள்ளியையும் சி.பி.யு.தான் கணக்கிட்டு எழுத வேண்டும்.

விண்டோஸ் பரவிய பிறகு சி.பி.யு.வுக்கு இது கட்டுப்படியாகவில்லை. ஒரு ஜன்னலை இழுத்து நகர்த்தினால் பல்லாயிரம் புள்ளிகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகலெடுக்க வேண்டும். 1991-இல் எஸ்3 நிறுவனம் கொண்டுவந்த 86சி911 போன்ற சிப்புகள் அந்த நகலெடுப்பையும், நிறம் நிரப்புவதையும், கோடு வரைவதையும் தாங்களே செய்தன. “இங்கிருந்து இவ்வளவு எடுத்து அங்கே வை” என்று சி.பி.யு. ஒரு கட்டளை கொடுத்தால் போதும். முதல் எல்லைக்கோடு பெரிய அளவில் நகர்ந்தது இங்கேதான். 2டி காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் அதிகமில்லை.

3டி வந்த கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாத் தலைமுறைகளும் இதன் வேலைச் சங்கிலியை எங்கே வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்ற கேள்விக்கான விடைகளே. முப்பரிமாணப் பொருளை முக்கோணங்களாக உடைக்கிறோம். முதல் கட்டம்: ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் அணிப் பெருக்கல் செய்து, பார்ப்பவரின் கண்ணிலிருந்து அவை எங்கே தெரியும் என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது: அந்த முக்கோணம் திரையில் எந்தெந்தப் பிக்சல்களை மூடுகிறது என்று பார்ப்பது. மூன்றாவது: ஒவ்வொரு பிக்சலுக்கும், பொருளின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படத்திலிருந்து நிறம் எடுத்து, பக்கத்திலுள்ள நான்கு புள்ளிகளைக் கலந்து மென்மையாக்குவது. கடைசியாக, அதற்கு முன்னால் வேறு பொருள் மறைத்து நிற்கிறதா என்று ஆழத்தை ஒப்பிடுவது.

1996-இல் 3டிஎஃப்எக்ஸ் வெளியிட்ட வூடு கார்டு இந்தச் சங்கிலியின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. முனைகளின் கணக்கு சி.பி.யு.விடமே இருந்தது. 2டி வேலைகூட அதற்குத் தெரியாது. தனியாக இன்னொரு கார்டு வேண்டும், அதிலிருந்து ஒரு கேபிள் வூடுவுக்குள் போய் அங்கிருந்து மானிட்டருக்கு வரும். 50 மெகாஹெர்ட்ஸ், 4 எம்.பி. நினைவகம். அதில் 2 எம்.பி. திரைப் படத்துக்கு, 2 எம்.பி. டெக்ஸ்சருக்கு. இங்கேயும் பழைய கணக்கே ஆட்சி செய்தது: 640×480 திரையில் பிக்சலுக்கு 2 பைட் என்றால் 6,14,400 பைட். காட்டிக்கொண்டிருக்கும் படம், வரைந்துகொண்டிருக்கும் படம், ஆழத் தகவல் என மூன்று பிரதி வேண்டும். மொத்தம் 18,43,200 பைட். 2 எம்.பி.க்குள் அடங்கிவிட்டது. 800×600-க்குப் போனால் ஆழத் தகவலுக்கு இடமில்லை. அந்தக் காலத்துக் கேம்கள் 640×480-இல் நின்றதற்குப் பின்னால் இருந்தது இந்தப் பெருக்கல்தான்.

அதற்கு ஓராண்டு முன்பே, 1995-இல், என்விடியா தன் முதல் சிப்பான என்வி1-ஐ விட்டிருந்தது. அது முக்கோணங்களுக்குப் பதிலாக வளைந்த பரப்புகளை நேரடியாக வரையும். உருண்டையான பொருளுக்கு அது அழகான யோசனைதான். ஆனால் 1996-இல் மைக்ரோசாஃப்ட், கேம்கள் கார்டோடு பேசுவதற்கான டைரக்ட்3டி என்ற இடைமுகத்தை முக்கோணத்தின் மேல் கட்டியது, கேம் எழுதுபவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள், என்வி1 அநாதையானது. வன்பொருளில் ஒன்றைப் பதித்துவிட்டால் அது வேகமாக ஓடும், ஆனால் உலகம் வேறு திசையில் போனால் திருப்ப முடியாது. 1997-இல் வந்த ரிவா 128 முக்கோணத்துக்கு மாறியதால்தான் என்விடியா பிழைத்தது.

1999-இல் ஜீஃபோர்ஸ் 256 முதல் கட்டத்தையும், அதாவது முனைகளின் இடமாற்றத்தையும் ஒளிக் கணக்கையும், கார்டுக்குள் இழுத்துக்கொண்டது. ஜி.பி.யு. (கிராஃபிக்ஸ் செயலி) என்ற பெயரை என்விடியா ஊரறியச் செய்தது இந்தச் சிப்பை வைத்துத்தான். இப்போது சங்கிலி முழுவதும் ஒரே சிப்பில். ஆனால் எல்லாம் பதிக்கப்பட்ட சுற்றுகள். ஒளி விழுவதற்கு ஒரே சூத்திரம். அதிகபட்சம் எட்டு விளக்கு. முனைகளில் மட்டும் கணக்கிட்டு நடுவே கலந்துகொள்ளும். அந்த ஆண்டுகளின் கேம்களில் எல்லாப் பொருளும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் பளபளப்போடு தெரிந்ததற்குக் காரணம் கலைஞர்களின் திறமைக் குறைவு அல்ல. தோலுக்கும் தண்ணீருக்கும் இரும்புக்கும் அவர்களிடம் இருந்தது ஒரே சூத்திரம்.

அந்தக் கட்டு அவிழ்ந்தது 2001-இல், ஜீஃபோர்ஸ் 3-இல். முனைக்கு ஒரு சிறு நிரல், பிக்சலுக்கு ஒரு சிறு நிரல், இவைதான் ஷேடர்கள். உண்மையிலேயே சிறு நிரல்கள்: பிக்சல் ஷேடரில் எட்டே எட்டு கணக்குக் கட்டளைகள், டெக்ஸ்சர் எடுக்க நான்கு. அதற்குள்ளேயே தண்ணீரில் அலையும் பிரதிபலிப்பை எழுதிக் காட்டினார்கள். 2002 ஆகஸ்ட்டில், டைரக்ட்3டி-யை உள்ளடக்கிய டைரக்ட்எக்ஸ் தொகுப்பின் 9-ஆம் பதிப்பு வெளிவருவதற்கு முன்பே, என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏடிஐ-யின் ரேடியான் 9700 புரோ அதற்கான வன்பொருளோடு வந்து நின்றது. பிக்சல் கணக்கு முழு எண்ணிலிருந்து தசம எண்ணுக்கு மாறியது, கட்டளைகள் பல மடங்கு கூடின, நினைவகப் பாதை 256 பிட் அகலமானது. ஒரு தலைமுறையில் இத்தனை சரியான முடிவுகளை ஒன்றாக எடுத்த கார்டு என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு சிக்கல் முளைத்தது. முனைக்குத் தனி அலகுகள், பிக்சலுக்குத் தனி அலகுகள். ஜீஃபோர்ஸ் 6800 அல்ட்ராவில் முனைக்கு 6, பிக்சலுக்கு 16. நுணுக்கமான சிலை ஒன்று தூரத்தில் நின்றால் முனைகள் ஏராளம், பிக்சல்கள் சில. 6 பேரும் திணறுவார்கள், 16 பேர் சும்மா நிற்பார்கள். வெறும் சுவர் திரையை நிறைத்தால் நிலைமை தலைகீழ். எந்த விகிதத்தில் பிரித்தாலும் ஏதோ ஒரு காட்சியில் தவறாகிவிடும். இரண்டையும் ஒரே வகை அலகாக்கிவிட்டால்? 2005-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்காக ஏடிஐ செய்த சிப் அதைச் செய்தது. பி.சி.யில் 2006 நவம்பரில் ஜீஃபோர்ஸ் 8800 ஜிடிஎக்ஸ்: ஒரே மாதிரியான 128 கணக்கு அலகுகள், 68.1 கோடி டிரான்சிஸ்டர்கள். எந்த அலகும் எந்த வேலையும் செய்யும்.

கிராஃபிக்ஸ் கார்டின் வரலாற்றிலேயே பெரிய திருப்பம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால் அலகு பொதுவானதும், அது வரைவதற்கு மட்டும் என்ற கட்டாயம் போய்விட்டது. அதற்கு முன்பும் ஆராய்ச்சியாளர்கள் கார்டில் அறிவியல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஆனால் எண்களை டெக்ஸ்சர் படம் போலவும், கணக்கை ஒரு செவ்வகம் வரைவது போலவும் வேடம் போட்டு உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. 2007-இல் என்விடியாவின் நிரல் தளமான கூடா வந்ததும் சி மொழியிலேயே நேராக எழுத முடிந்தது. 2012-இல் அலெக்ஸ்நெட் என்ற நரம்பியல் வலைப்பின்னல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் மற்றவர்களை வெகுதூரம் பின்தள்ளியது. அதைப் பயிற்றுவித்தவை தலா 3 ஜி.பி. நினைவகம் கொண்ட இரண்டு ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 580 கார்டுகள், ஐந்தாறு நாட்களில். கேம் விளையாடச் செய்த அதே கார்டுகள்.

சி.பி.யு.விலும் கணக்கு அலகுகள் இருக்கின்றன. பிறகு ஏன் இது? வேறுபாடு காத்திருப்பைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. நினைவகத்திலிருந்து ஒரு எண் வந்துசேர நூற்றுக்கணக்கான சுழற்சிகள் ஆகும். சி.பி.யு. பெரிய கேஷையும் (சிப்புக்குள்ளேயே இருக்கும் விரைவு நினைவகம்) சிக்கலான ஊகச் சுற்றுகளையும் வைத்து அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கப் பார்க்கும். ஜி.பி.யு. தவிர்க்கவே முயலாது. ஒரு கூட்டம் இழைகள் (ஒரே நிரலின் தனித்தனி ஓட்டங்கள்) காத்திருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த கூட்டத்தை ஓட்டும். ஆயிரக்கணக்கான இழைகள் கைவசம் இருப்பதால் எப்போதும் யாராவது ஒருவர் தயாராக இருப்பார். என்விடியா சிப்புகளில் 32 இழைகள் ஒரே கட்டளையைச் சேர்ந்து செய்யும். ஊர் கூடித் தேர் இழுக்கும் வேலைக்குத்தான் இது பொருந்தும். ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க முடியும் என்ற வேலைக்கு உதவாது. வூடுவின் 50 மெகாஹெர்ட்ஸ் எங்கே, இன்றைய 2400 மெகாஹெர்ட்ஸ் எங்கே என்று தோன்றும். ஆனால் அது 48 மடங்குதான். மீதி வளர்ச்சி எல்லாம் ஆட்களைக் கூட்டியதில் வந்தது.

ஆட்களைக் கூட்டினால் அத்தனை பேருக்கும் தரவு ஊட்ட வேண்டும். எல்லாத் தலைமுறையையும் விடாமல் துரத்தும் பிரச்சினை இது. நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையே நொடிக்கு எவ்வளவு தரவு ஓடும் என்பதை பேண்ட்விட்த் என்கிறோம். 8800 ஜிடிஎக்ஸ்-இல் நொடிக்கு 86.4 ஜி.பி. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இல் 1792 ஜி.பி. ஏறக்குறைய 20 மடங்கு. அதே காலத்தில் கணக்கு அலகுகளின் எண்ணிக்கை 128-லிருந்து 21,760 ஆனது. அதாவது 170 மடங்கு. ஊட்டும் கை சாப்பிடும் வாயை எட்டவே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழியில் சமாளித்தது. 2015-இல், ஏடிஐ-யை வாங்கியிருந்த ஏஎம்டி, ஃபியூரி எக்ஸ் கார்டில் நினைவகச் சிப்புகளை அடுக்கி ஜி.பி.யு.வின் ஓரத்திலேயே ஒட்டவைத்து 4096 பிட் அகலப் பாதை கொடுத்தது. அதே ஏஎம்டி 2020-இல் ரேடியான் ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி-யில் வேறு வழி பிடித்தது: 128 எம்.பி. கேஷைச் சிப்புக்குள்ளேயே வைத்து, வெளியே போகும் தேவையையே குறைத்தது. 2022-இல் ஆர்டிஎக்ஸ் 4090-இல் என்விடியாவும் 72 எம்.பி. கேஷோடு அதே பக்கம் வந்தது.

‘தலைமுறை’ என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் எடுத்துக்காட்டுவது 2014-இன் ஜிடிஎக்ஸ் 980. அதற்கு முந்தைய பெரிய கார்டு ஜிடிஎக்ஸ் 780 டிஐ: 2880 அலகுகள், 336 ஜி.பி. பேண்ட்விட்த், 250 வாட். 980-இல் 2048 அலகுகள், 224 ஜி.பி., 165 வாட். இரண்டும் அதே 28 நானோமீட்டர் தயாரிப்பு முறை. காகிதத்தில் இந்த மூன்று வரியிலும் 980 சிறியது. கேம்களில் அதுதான் முந்தியது. அலகுகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சோம்பல் நேரத்தைக் குறைத்தார்கள்; நிறத் தகவலைச் சுருக்கி அனுப்பினார்கள்; கேஷைப் பெரிதாக்கினார்கள்; திரையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து வரைந்து, ஒரு கட்டத்தின் வேலையைக் கேஷுக்குள்ளேயே முடித்தார்கள். அலகுகளின் எண்ணிக்கையை வைத்து இரண்டு தலைமுறைகளை ஒப்பிடக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இதே சமயத்தில் மென்பொருள் பக்கமும் ஒரு நகர்வு நடந்தது. கேம் கார்டுக்குக் கட்டளை அனுப்பும் புது இடைமுகங்கள் வந்தன: 2013-இல் ஏஎம்டி-யின் மேன்டில், 2015-இல் டைரக்ட்எக்ஸ் 12, 2016-இல் வல்கன். டிரைவர் யூகித்துச் செய்துகொண்டிருந்த நினைவக நிர்வாகமும் ஒத்திசைவும் கேம் எழுதுபவரின் பொறுப்பாயின. கட்டளை அனுப்பியே களைத்துப்போன சி.பி.யு.வுக்கு அதில் மூச்சு விட இடம் கிடைத்தது.

பிறகு சக்கரம் திரும்பியது. 2018-இல் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யும் அதன் உடன்பிறப்புகளும் வந்தபோது, எல்லாவற்றையும் பொதுவாக்கிய சிப்புக்குள் மறுபடியும் ஒரே வேலைக்கான சுற்றுகள் நுழைந்தன. நிழலும் பிரதிபலிப்பும் உண்மை போல் தெரிய, ஒளிக்கதிர் எந்த முக்கோணத்தில் போய் மோதுகிறது என்று தேடுவது ஒரு வேலை. பல லட்சம் முக்கோணங்களைப் பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கி வைத்து, கதிர் எந்தப் பெட்டியைத் தொடுகிறது என்று மேலிருந்து கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். 32 இழைகளும் 32 திசையில் போகும் இந்த வேலை பொது அலகுகளுக்கு ஒத்துவராது. அதனால் ஆர்டி கோர் என்று தனிச் சுற்று. கணக்கைப் பாருங்கள்: 1920×1080 திரையில் 20,73,600 பிக்சல். பிக்சலுக்கு ஒரே ஒரு கதிர், நொடிக்கு 60 படம் என்றாலே 12 கோடிக்கு மேல் கதிர்கள். ஒரு கதிர் போதவே போதாது. படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் இருக்கும். அந்த இரைச்சலைத் துடைக்கவும், குறைந்த அளவில் வரைந்த படத்தைப் பெரிதாக்கவும் நரம்பியல் வலைப்பின்னலைக் கொண்டுவந்தார்கள். அதற்கு அணிப் பெருக்கலை மட்டுமே செய்யும் டென்சர் கோர். 2017-இல் ஆய்வுக்கூடங்களுக்கான வி100 சிப்பில் வந்த சுற்று அது. 2007-இல் கேம் கார்டு கணக்குக்குப் போனது. 2018-இல் கணக்குக் கார்டின் சுற்று கேமுக்குத் திரும்பி வந்தது.

டிஎல்எஸ்எஸ் என்பது அந்த டென்சர் கோரின் வேலை. 4கே திரையில் 83 லட்சம் பிக்சல். அதில் கால்வாசியை மட்டும் வரைந்து மீதியை வலைப்பின்னல் ஊகித்து நிரப்பும். 2020-இல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து இது உண்மையிலேயே நன்றாக இருக்கிறது, ஏனென்றால் முந்தைய படங்களின் தகவலையும் சேர்த்துக்கொள்கிறது. இல்லாததைக் கற்பனை செய்வதைவிடச் சற்று முன் பார்த்ததை நினைவுகூர்வதே அதில் அதிகம். 2022-இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த இடைப்படங்கள் வேறு சங்கதி. வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு படத்தை ஊகித்துச் செருகுவது அது. 2025-இல் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை வந்தபோது மூன்று வரை செருகியது.

நீங்கள் கேட்ட ‘இரண்டு மடங்கு’ பெரும்பாலும் இங்கிருந்து வருகிறது. ஆர்டிஎக்ஸ் 4090-இலிருந்து 5090-க்குப் போனபோது அலகுகள் 16,384-லிருந்து 21,760 ஆயின: மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட்: ஏறக்குறைய 28 சதவீதம் கூடுதல். பேண்ட்விட்த் 78 சதவீதம் கூடுதல். தயாரிப்பு முறை கிட்டத்தட்ட அதேதான், சிப்பைத்தான் பெரிதாக்கினார்கள். இப்படிப்பட்ட சிப் நேராக வரைவதில் இரு மடங்காக வழியே இல்லை. அறிமுகத்தின்போது சொன்ன இரு மடங்கு, பழைய கார்டு ஒரு இடைப்படமும் புதிய கார்டு மூன்று இடைப்படங்களும் செருகிய கணக்கு.

ஆகவே இரண்டு தலைமுறைகளை ஒப்பிடும்போது, ஒரே ரெசல்யூஷனில், டிஎல்எஸ்எஸ்-உம் இடைப்படமும் அணைத்த நிலையில் வந்த எண்ணை முதலில் பாருங்கள். படத்தைப் பெரிதாக்கும் வசதியைப் போட்டு வந்த எண்ணை அதற்கு அடுத்துப் பார்க்கலாம். அங்கே கிடைக்கும் வேகம் கையிலும் உணரக்கூடியது. இடைப்படம் போட்டு வந்த எண்ணைத் தனியாக வையுங்கள். நடுவே படம் செருக வேண்டுமென்றால், வரைந்து முடித்த அடுத்த படத்தைக் கார்டு கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்க வேண்டும்; செருகிய படங்கள் உங்கள் மவுஸ் அசைவை அறியாதவை. அடிப்படை வேகம் நொடிக்கு 70, 80 படங்களாக இருந்தால் காட்சி வழுக்கிக்கொண்டு ஓடும், தாமதம் பெரிதாகத் தெரியாது. அடிப்படையே 30 என்றால் திரையில் 120 என்று எண் காட்டும். கை உணர்வது 30-இன் தாமதத்தையும், அதற்கு மேல் கொஞ்சத்தையும்தான்.